சொக்ஸில் வந்த கணினி

என் மேசையில், கீபோட்டுக்கு இடது பக்கத்தில், சாம்பல்நிறக் கம்பளிச் சொக்ஸ் ஒன்று கிடக்கிறது. ஒன்றுதான். சோடி கிடையாது. குதிக்கால் தேய்ந்து வலையாகிப்போன இடத்தைக் கறுத்த நூலால் இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறது. ஊசி பிடித்துப் பழகாத ஓர் ஆணின் தையல். பங்குனி வெயில் கூரைத் தகரத்தை முறுக்குகிற தர்மபுரத்தில் இதைப் போட்டு நடக்க ஒரு காலும் இல்லை. ஆனாலும் எறியவில்லை. தூசி தட்ட எடுப்பேன், தட்டாமல் வைத்துவிடுவேன். இதற்குள்தான் என் கணினியின் முதலாவது உறுப்பு கனடாவிலிருந்து வந்தது. அனுப்பியவர் அத்தான், என் அக்காவின் கணவர். அந்தக் குதிக்காலைத் தைத்ததும் அவர்தான் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. அவரிடம் கேட்காமல் விட்டவை நிறைய. இது அவற்றில் ஆகச் சின்னது.

நான் எழுதுகிறவன். எழுத்து உலை வைக்காதபடியால் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன், சாமத்தியவீட்டு அல்பம் செய்கிறவன், செத்தவர்களின் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடித்துக் கொடுக்கிறவன். கனடாவிலும் லண்டனிலும் கலியாணம் படம்பிடிக்கிற பெடியள் தங்கள் வேலையை இங்கே அனுப்பி வெட்டுவிக்கத் தொடங்கியபோது எனக்கு ஆசை பிடித்தது. அவர்கள் அனுப்புகிற கோப்புகளைத் திறக்கிற மென்பொருள் மக் கணினியில் மட்டும் ஓடும். மக் ஒன்று வாங்குகிற காசுக்கு இங்கே ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை வாங்கி வயலில் இறக்கலாம். ஆகவே வழியில்லாதவர்கள் உலகமெங்கும் செய்கிற காரியத்தை நானும் செய்தேன். சாதாரண உறுப்புகளைச் சேர்த்து ஒரு பெட்டி கட்டி, அதில் மக்கின் இயங்குதளத்தை ஏற்றினேன். அப்படிப்பட்ட பெட்டி எழும்பும்போது முதலில் ஒரு சின்ன பூட்லோடர் ஓடும். அது கலியாணத் தரகர்போல முன்னுக்குப் போய், 'இது கொம்பனியே செய்த கணினி, நல்ல குடும்பம்' என்று சொல்லும். இயங்குதளம் நம்பிவிடும். திரையில் கடித்த அப்பிள் வரும். 'இந்தக் கணினியைப் பற்றி' என்ற இடத்தைத் திறந்தால் பளபளப்பான ஒரு மொடலின் படமும் பெயரும் நிற்கும். மேசைக்குக் கீழே பார்த்தால், பக்கத் தகடு பூட்டாமல், காகக்கூடு மாதிரி வயர் பிதுங்கிக்கொண்டு ஒரு கறுத்தப் பெட்டி.

அந்தப் பெட்டிக்குத் தேவையானவை ஒன்றாக வரவில்லை. கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள், காணி விற்க வருகிறவர்கள், தாய் தகப்பனைப் பார்க்க வருகிறவர்கள் என்று யார் கையிலாவது அத்தான் கொடுத்துவிடுவார். ராம் ஒரு சொக்ஸுக்குள். மதர்போட் அவர் கட்டிப் பழசான சாரத்துக்குள். காற்றாடி ஒன்று குழந்தைகளின் பால்மா ரின்னுக்குள். சாமான் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் நான் மோட்டார்சைக்கிளில் ஓடுவேன். ஒருமுறை ஓமந்தையில் ஒரு வீட்டுக்குப் போனேன். கனடாவிலிருந்து வந்திருந்த அந்த அம்மா பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கித் தந்தா.

"உதுக்குள்ள என்ன தம்பி? எயார்ப்போட்டில ரெண்டுதரம் அவிட்டுப் பாத்தவங்கள். எனக்கு வேர்த்துப்போச்சு."

"கொம்பியூட்டர்ச் சாமான் அக்கா."

"சொக்ஸுக்குள்ளயோ? நான் மீன் கருவாடோ எண்டு நினைச்சன், ஒரு மணம் வந்தது."

உண்மைதான், ஒரு மணம் இருந்தது. உருகிய பிளாஸ்டிக்கும் இரும்புத்தூளும் சேர்ந்த மணம். சொக்ஸை உதறினால் கறுப்பாக ஒரு மா கொட்டும். கொம்பியூட்டர் செய்கிற இடத்து மணம் இதுதானாக்கும் என்று நான் முகர்ந்துகொண்டேன். பெருமையோடு முகர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அத்தான் போனது மருமகள், அக்காவின் மகள், நடக்கப் பழகுமுன். அங்கே அவருக்குக் காகிதங்கள் சரிவர எடுத்த காலத்தில் அவள் படித்து முடித்துக் கச்சேரியில் அரசாங்க வேலைக்குப் போய்விட்டாள். அக்காவின் விசா திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது. பிறகு அக்காவே மறுத்துவிட்டா. "நான் போனா ஆர் உந்த வயலைப் பாக்கிறது" என்பா. அத்தான் என்ன வேலை என்று எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. ஆனால் உறுப்புகள் வந்துகொண்டிருந்தன, அப்பிள் எரிந்துகொண்டிருந்தது, ஊர் மிச்சத்தைத் தானே கட்டிக்கொண்டது. உறுப்பு உறுப்பாக நான் பெட்டியைக் கட்டினதுபோல, கதை கதையாக ஊர் அவரைக் கட்டியது. கனடாவில் கொம்பியூட்டர் எஞ்சினியர். பெரிய கொம்பனி. கீழே ஆட்கள். நானும் அதை நம்பினேன். தொலைபேசியில் உறுப்பின் இலக்கத்தைச் சொன்னால், "மெல்லச் சொல்லு தம்பி, எழுதிறன்" என்று ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதுவார். திரும்ப வாசித்துக் காட்டுவார். இவ்வளவு கவனமான மனிதர் எஞ்சினியராகத்தான் இருப்பார் என்று எண்ணினேன். இலக்கம் எழுதிய அந்தத் துண்டை வைத்துக்கொண்டு அவர் எங்கே, எதைக் கிளறித் தேடினார் என்று நினைக்கத் தெரியவில்லை.

பிறகு, கோப்புகள் புது மென்பொருளைக் கேட்டன. புது மென்பொருள் புது இயங்குதளத்தைக் கேட்டது. புது இயங்குதளமோ என்னிடமிருந்த கிராபிக்ஸ் கார்ட்டை ஏறிட்டும் பார்க்காது என்றது. அந்தக் கார்ட் செய்த கொம்பனியோடு அதற்குப் பகை. மற்றக் கொம்பனியின், சிவப்புப் பெட்டியில் வருகிற கார்ட் வேண்டும். அத்தானிடம் சொன்னேன். தேடிப் பார்க்கிறன் என்றார். கொஞ்ச நாளில், "கிடைச்சிட்டுது தம்பி. ஆனா ஆக்களிட்டக் குடுக்கேல்லை. நானே கொண்டு வாறன்" என்றார். அக்காவிடம் போனைக் கொடுத்தேன். அவா காதில் வைத்தபடி முற்றத்துக்குப் போய், காய்ந்த உடுப்பை எடுத்து மடித்து, திரும்பக் கொடியில் போட்டா.

அவர் வருவதை ஒட்டி மருமகளுக்குப் பேசிவந்த சம்பந்தமும் சூடுபிடித்தது. மாப்பிள்ளையின் தகப்பன் நெளுக்குளத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். பெண்ணின் தகப்பனை நேரில் பார்க்காமல் ஒன்றும் முடிவில்லை என்று சொல்லியிருந்தார். நியாயம்தான். பெண்ணே தகப்பனை நேரில் பார்க்காமல்தானே வளர்ந்தவள்.

அத்தான் வந்து இறங்கினார். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன மனிதர். கைகள் மட்டும் பெரியவை; விரல் நுனிகள் வெடித்து, வெடிப்புக்குள் கழுவப்படாத கறுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர் சூட்கேஸைத் திறந்து, சாக்லேட்டுகளுக்கு அடியிலிருந்து முதலில் எடுத்தது என் கார்ட்டைத்தான். அதுவும் ஒற்றைச் சொக்ஸுக்குள், முக்கால்வாசி உள்ளே, கால்வாசி வெளியே. "வைச்சிரு தம்பி" என்றார். நான் பூட்டவில்லை. அவர் கையாலேயே பூட்டட்டும் என்று வைத்திருந்தேன். அது மரியாதை என்று நினைத்தேன். போஸ்ட்மாஸ்டர் வருகிற அன்றைக்கே பூட்டட்டும் என்று வைத்திருந்தேனே, அதுவும் மரியாதைதானா?

அக்காவின் வீட்டு முன்னறைதான் என் ஸ்டூடியோ. கணினிக்காக ஏசி போட்ட ஒரே அறை. ஆகவே வெயிலில் வந்த போஸ்ட்மாஸ்டரையும் அவருடைய மனைவியையும் அங்கேதான் கதிரை போட்டு இருத்தினோம். சம்பந்தம் பேச வந்தவர்கள், பெண்ணுக்குப் பதிலாக ஒரு கறுத்தப் பெட்டியைப் பார்த்தபடி இருந்தார்கள். அக்கா பயத்தம் பணியாரத் தட்டை வைத்துவிட்டு, கேட்காமலே சொன்னா: "உது முழுக்க இவர் அனுப்பினதுதான். இண்டைக்குத்தான் இவற்ற கையால புதுசாக்கப் போகினம்."

"அப்ப நாங்கள் நல்ல நாளிலதான் வந்திருக்கிறம்" என்றார் போஸ்ட்மாஸ்டர். ஒல்லியான, பகிடியை முகத்தில் காட்டாத மனிதர். "எங்கட வீட்டிலயும் ஒண்டு கிடக்கு. போட்டா விமானம் எழும்பிற சத்தம் வரும். எழும்பத்தான் மாட்டுது."

அத்தான் சிரித்தார். நிலத்தில் சம்மணமிட்டு இருந்தார். பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். அந்தக் கணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பழைய கார்ட் அவர் கை பட்டதும் கழன்று வந்துவிட்டது. சுண்டுவிரலால் பூட்டை அழுத்தி, பெருவிரலால் தள்ளி, கண்ணால் பார்க்காமலே, வேர்க்கடலைக் கோதை நசுக்கிப் பருப்பை எடுப்பதுபோல. போஸ்ட்மாஸ்டரின் மனைவி, "ஆத்தை, பூப்போல எடுக்கிறார்" என்றா. அக்காவின் முகம் மலர்ந்தது. பிறகு அவர் புதுக் கார்ட்டை எடுத்தார். அதைப் பொருத்தத்தான் அவருக்குத் தெரியவில்லை. பள்ளத்தில் வைத்துப் பார்த்தார், திருப்பினார், பெட்டியின் பின்பக்கத்தைத் தடவினார். மெல்ல அமத்தி, உடைந்துவிடுமோ என்று கையை எடுத்தார். கழற்றிக் கழற்றிப் பழகிய கை. ஒருநாளும் பூட்டியிராத கை.

நான் குனிந்து உதவுவதுபோல அதை அமத்திவிட்டேன். டக் என்று இருந்தது. "என்ன அத்தான், இறுக்கமோ?" என்றேன், எல்லோருக்கும் கேட்க.

மொனிட்டர் வயரை முதலில் மதர்போட்டிலேயே, பழைய வழியில் கொழுவினோம். அத்தான் கதிரையில் ஏறி இருந்தார். மவுஸைக் கையில் எடுத்தார். குஞ்சைப் பிடித்ததுபோல, இறுக்கினால் செத்துவிடும், விட்டால் ஓடிவிடும் என்பதுபோல. திரையில் அம்பு ஒரு மூலைக்கு ஓடி மறைந்தது. அவர் அதைத் தேடினார். நான் பின்னால் நின்றேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கின கையோடு முதுகில் வேர்த்தது, ஏசி அறைக்குள். அந்த வேர்வை அவருக்காக அல்ல. இவர்கள் பார்த்துவிடுவார்களே என்று. எஞ்சினியரின் மைத்துனன் என்று தர்மபுரம் சந்தியில் தேத்தண்ணி குடித்த நான் இனி எந்தக் கடையில் குடிப்பது என்று.

பிறகு செய்தது ஒரு நாடகம். எழுதினதும் நானே, பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்ததும் நானே.

"அத்தான், நீங்கள் முந்தநாள் சொன்னமாதிரி உந்தச் சில்லுப் படத்தை அமத்தட்டோ?"

"ம். அமத்து."

"இதில புது வேர்சன் எண்டு நிக்குது. டவுன்லோட் பண்ணி வைக்கச் சொன்னனீங்கள், வைச்சிருக்கிறன். இப்ப ஏத்தலாமோ?"

"ஏத்தலாம்."

அவர் கைக்கு மேல் என் கையை வைத்து அம்பைக் கொண்டுபோனேன். அவர் கை என் கைக்குக் கீழே அசையாமல் இருந்தது. பட்டை நகரத் தொடங்கியது. இயங்குதளம் ஏறிக்கொண்டிருந்தது, நின்று, எழும்பி, திரும்ப ஏறியது. போஸ்ட்மாஸ்டர் பணியாரம் கடித்தபடி மழையைப் பற்றியும், குரங்குகள் தென்னையை முடிப்பதைப் பற்றியும் கதைத்தார். அத்தான் குரங்குக் கதையில் மட்டும் கலந்துகொண்டார். அங்கே அணில்கள் குப்பைத்தொட்டியை மூடி திறந்து தின்னும் என்று சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் நடுவே புது இயங்குதளம் ஏறி முடிந்து, திரை வெளித்தது. போஸ்ட்மாஸ்டரின் மனைவி கைதட்டினா. "கைராசிக்காரன்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான், "இனி உங்கட கார்ட்டில கொழுவுவம் அத்தான்" என்றேன். அவர் இறங்கி, வயரைப் பழைய இடத்திலிருந்து கழற்றிப் புதுக் கார்ட்டில் கொழுவினார். திரும்பப் போட்டோம். அப்பிள் வந்தது. பட்டை அரைவாசி ஓடியது. பிறகு திரை கறுத்தது. நிறுத்திப் போட்டோம். அப்பிள், அரைவாசி, கறுப்பு. பூட்லோடருக்குள் போய், எழும்புகிற வரிகளைக் காட்டச் சொன்னேன். வெள்ளை எழுத்துகள் மழைபோல இறங்கி ஓரிடத்தில் அறுந்தன. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாம் உயிரோடு, முகம் மட்டும் இல்லை.

அத்தான் கார்ட்டைப் பார்த்தார். "நான் பழுதானதைக் கொண்டுவந்திட்டன் போல" என்றார் மெல்ல, எனக்கு மட்டும்.

போஸ்ட்மாஸ்டர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். கேட்டதில் விஷமம் இல்லை, பொழுதுபோகக் கேட்டார். "இப்பிடி வந்தா அங்க உங்கட இடத்தில என்ன செய்வியள்? நீங்கள் கொம்பனியில எந்தப் பகுதி பாக்கிறியள்?"

அத்தான் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "அத்தான் சிஸ்டம் சைட், ஐயா. உந்தப் பூட்டிறது கழட்டிறதெல்லாம் அவையளுக்குக் கீழ உள்ள ஆக்கள் செய்யிறது."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன். ஒருவருக்குத் தூக்கமுடியாத மூட்டையைக் கொடுத்துவிட்டோமே என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். ஸ்குரூ டிரைவர் இன்னும் அவர் கையில் இருந்தது.

"இல்லை ஐயா" என்றார். "தம்பி சொல்லுறது பிழை. அந்தக் கீழ உள்ள ஆள் நான்தான்."

ஸ்குரூ டிரைவரால் பெட்டியைக் காட்டினார்.

"பழசாப்போன கொம்பியூட்டருகள் லொறியில வந்து கொட்டும். பள்ளிக்கூடத்துச் சாமான், ஒபிசுச் சாமான். அதுகளைக் கழட்டி இரும்பு வேற, பிளாஸ்டிக் வேற, செம்பு வேறயாப் போடுறது. அதுதான் வேலை. தம்பிக்கு அனுப்பினதெல்லாம் அந்தக் குவியலில கேட்டு எடுத்தது. உந்தக் கார்ட்டும் அதுதான். ஓடும் எண்டு நினைச்சுத்தான் கொண்டந்தனான். எனக்கு உதைப் போடவும் தெரியாது, ஓட்டவும் தெரியாது. கழட்டத் தெரியும்."

போஸ்ட்மாஸ்டர் அத்தானின் கால்களைப் பார்த்தார். "நிண்டுகொண்டோ வேலை?" என்றார்.

"ஓம். நிண்டுதான்."

"குளிருக்க?"

"கொட்டில்தானே ஐயா. கதவு திறந்தபடி இருக்கும், லொறி வந்து போக. காலுக்குத்தான் கஷ்டம்."

அக்கா வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றா. எவ்வளவு நேரமாக நின்றா என்று தெரியாது. உள்ளே வந்து, தட்டை மேசையில் வைத்து, அத்தானின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கி, அந்த இடத்தில் ஒரு கோப்பையைக் கொடுத்தா. "ஆறப்போகுது, குடியுங்கோ" என்றா. பிறகு மற்றவர்களுக்குக் கொடுத்தா. எனக்குத் தரவில்லை, மறந்திருக்கலாம். மறக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் போகும்போது வாசற் படலையடியில் சொல்லியனுப்புகிறம் என்றார்கள். அந்தச் சொல்லுக்கு இங்கே இரண்டு பக்கமும் உண்டு. எந்தப் பக்கம் என்று படலைக்கே தெரியாது. நான் அறைக்குள் திரும்பி வந்து கறுத்த திரைக்கு முன்னால் இருந்தேன். குசினித் திரைச்சேலையை விலக்கிக்கொண்டு மருமகள் வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"மாமா, அவர் கேட்டது அப்பாவை. நீங்கள் ஏன் மறுமொழி சொன்னனீங்கள்?"

சம்பந்தம் குழம்பக்கூடாது என்றுதான் சொன்னேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், என்னிடமே. எடுபடவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோரிலும் அத்தானைப் பார்த்து வெட்கப்பட்டவன் நான் ஒருவன்தான். அவர் செய்கிற வேலைக்கு வெட்கப்பட்டேன். அந்த வேலையில் வந்த உறுப்புகளால் கட்டின பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு.

பொழுதுபடுமுன் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். கார்ட்டில் ஒன்றும் இல்லை. பழைய கார்ட்டும் இயங்குதளமும் ஒத்துவராமல் போன காலத்தில், மதர்போட்டின் சொந்த வெளியீட்டோடு சமாளிக்க நினைத்து, பூட்லோடரின் அமைப்புக் கோப்பில் நானே ஒரு கட்டளையை எழுதிவைத்திருந்தேன். வெளியிலிருந்து வந்து பூட்டியிருக்கிற கார்ட் எதுவானாலும் கண்டுகொள்ளாதே என்பது அதன் பொருள். எழுதினதை மறந்துபோனேன். கணினி மறக்கவில்லை. அத்தான் கடல் கடந்து கொண்டுவந்த கார்ட்டை, நான் சொன்னபடியே, அது இல்லை என்று வைத்துக்கொண்டது. அந்த வரியை அழித்தேன். திரும்பப் போட்டேன். அப்பிள், முழுப்பட்டை, வெளிச்சம். நிறங்கள் அப்படிப் பொலிந்து அந்தத் திரையில் நான் பார்த்ததே இல்லை.

அத்தான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். "அத்தான், கார்ட் வேலை செய்யுது. பிழை என்னிலதான். நான் எழுதின ஒரு வரி."

மற்றதையும், அவரை நினைத்து வெட்கப்பட்டதையும், அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அவர் முகம் அதற்குள் மாறிவிட்டது. "அப்ப கார்ட் நல்லது?" என்றார். "நல்லதுதான் அத்தான்." "பழுதில்லை?" "இல்லை." ஈரக்காலோடு குசினி வாசலுக்குப் போனார். "இஞ்சரும், கார்ட் நல்லதாம்" என்று அக்காவுக்குச் சொன்னார். மகளுக்குச் சொன்னார். அடுத்தநாள், எதையும் அறியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேலிக்கு மேலால் சொன்னார். தன்னைப் பற்றிச் சொன்னதில் அவருக்கு ஒரு பாரமும் இருக்கவில்லை. கொண்டுவந்தது பழுதோ என்பதுதான் பாரமாக இருந்திருக்கிறது. நான் சொல்ல வந்த மற்றது அந்தச் சந்தோஷத்தில் இடம் கிடைக்காமல் திரும்பிப் போய்விட்டது. அல்லது நான்தான் அதைத் திரும்ப விட்டேன்.

அந்தக் கிழமைக்குள் நெளுக்குளத்திலிருந்து சரி என்று செய்தி வந்தது. ஏன் சரி என்றார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் போஸ்ட்மாஸ்டர் எனக்கு ஒரு தண்டனை வைத்திருந்தார். பொருத்தம் பார்த்த அன்றும், தாலிக்குப் பொன்னுருக்கின அன்றும், இன்றைக்கு வவுனியா பஸ் நிலையத்தில் கண்டாலும், முகத்தில் ஒன்றையும் காட்டாமல் ஒரே கேள்வி கேட்பார்: "எப்பிடி, சிஸ்டம் சைட் சுகமோ?" நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே மோட்டார்சைக்கிளின் கண்ணாடியைத் துடைப்பேன், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

கலியாணத்துக்கு அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. தகப்பன் ஸ்தானத்தில் நானும் என் மனைவியும் நின்று தாரைவார்த்தோம். கமராவை என் கூட்டாளி பிடிக்க, அந்தப் பெட்டி வழியாகத்தான் நேரலை போனது. அத்தான் கொட்டிலில் போனைச் சுவரில் சாத்திவைத்துப் பார்த்தார். தண்ணீர் என் கையால் விழுந்தபோது அவர் பார்க்கிறார் என்று தெரிந்தது. கமரா நின்ற பக்கம் நான் நிமிரவில்லை. வீடியோவை வெட்டியபோதும் அந்த இடத்தை வேகமாக ஓட்டிவிட்டேன். எல்லாக் கலியாணத்திலும் அதுதான் நான் கவனமாக வெட்டுகிற இடம்.

இப்போது பெட்டியின் காலம் முடிகிறது. இந்த வகைப் புரொசெசருக்கு இதற்குமேல் புது இயங்குதளம் வராது என்று செய்த கொம்பனியே சொல்லிவிட்டது. கடைசி மேம்பாட்டைப் போன மாதம் ஏற்றினேன். ஒழுங்காக, முதலில் பூட்லோடரைப் புதுப்பித்து, வட்டை இன்னொன்றில் படியெடுத்து, பென் டிரைவில் எழுப்பிப் பார்த்து. சத்தம் மட்டும் வரவில்லை; அதையும் ஒரு காலை முழுக்க இருந்து தேடித் திருத்தினேன். ஓடுகிறது. 'இந்தக் கணினியைப் பற்றி' என்று திறந்தால் இன்னும் அந்தப் பளபளப்பான மொடலின் பெயரைத்தான் சொல்கிறது. பெட்டியைக் குறைசொல்ல ஏலாது. அப்படிச் சொல்லச்சொல்லி அதற்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

நேற்றுப் பின்னேரம் அத்தான் தொலைபேசியில் அழைத்தார். மருமகளுக்குக் குழந்தை கிடைத்திருக்கிறது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வரப்பார்க்கிறாராம்.

"தம்பி, மெசினுக்கு என்ன வேணும்? சொல்லு, எழுதிறன்."

"ஒண்டும் வேண்டாம் அத்தான். உதோட முடிஞ்சுது. இனிப் புதுசு ஏறாது."

அந்தப் பக்கம் தகடு விழுகிற சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு அவர் கேட்டார், கொஞ்சம் தயங்கி, வீடுகளுக்குப் போகும்போது கையில் ஒன்றும் இல்லாதவர்கள் படலையில் தயங்குவதுபோல.

"அப்ப... நான் சும்மா வரட்டோ?"

சும்மா வாருங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அக்கா குசினியிலிருந்து, "என்னவாம்?" என்றா. சும்மா வரட்டோ என்று கேட்கிறார் என்றேன். அவா கையைத் துடைத்துக்கொண்டு அலுமாரியைத் திறந்தா. மேல் தட்டில், சேலைகளுக்கு மேலே, மிச்ச அத்தனை சொக்ஸும் இருந்தன. தோய்த்து, மடித்து, ஒவ்வொன்றும் ஒற்றையாக.

"கொண்டு வரத்தான் வேணுமெண்டா உதுகளின்ர மற்றதைக் கொண்டுவரச் சொல்லு" என்றா.

அப்படியே சொன்னேன். அத்தான் சிரித்தார்.

"அதுகளைத்தான் தம்பி இப்பவும் போட்டுக்கொண்டு நிக்கிறன்" என்றார். "ஒண்டு கறுப்பு, ஒண்டு நீலம். சப்பாத்துக்குள்ளதானே, ஆர் பாக்கப்போகினம்."

நான் என் மேசையில் கிடந்த சாம்பல்நிறத்தை எடுத்தேன். "அத்தான்" என்றேன். "ஓம், சொல்லு தம்பி" என்றார் அவர். அவருக்குப் பின்னால் லொறி ஒன்று கதவுக்குள் வந்துகொண்டிருக்கிற சத்தம் கேட்டது.